இரண்டாவது கையெழுத்து

எங்க ஆயா செத்த பிறகு அதோட தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒரு நூல் புடவை, சுருக்குப் பை, அப்புறம் நூலால் சுற்றிக் கட்டிய ஒரு காகிதக் கட்டு. பிரித்துப் பார்த்தால் எல்லாம் வீட்டு வரி ரசீது. கூரை வீட்டுக்கு வருசத்துக்கு ஒரு ரூபாய் சொச்சம் போட்டிருந்த காலத்திலிருந்து ஒரு ரசீதைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. ஆனால் எந்தக் காகிதம் எந்த வருசத்தது என்று கேட்டால், அந்த வருசம் எந்த மாடு கன்னு போட்டது, எந்தப் பிள்ளை செத்தது என்று கணக்கு வைத்துச் சொல்லும்.

எதுக்கு ஆயா இதைப் பத்திரமா வச்சிருக்கேன்னு சின்ன வயசில் நான் கேட்டதுண்டு. “நாளைக்கு மனையைக் காலி பண்ணுன்னு ஊர்க்காரன் வந்து நின்னா, சர்க்காருக்கு வரி கட்டியிருக்கேன்னு காட்ட வாணாமா?” என்று சொல்லும். குடியிருப்பவருக்கே குடியிருப்பு மனை சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1971இல். அதுக்கு முன்னாடி பண்ணையாரின் மனையில் குடிசை போட்டுக் கிடந்த சனத்துக்கு அந்த ரசீதுதான் பட்டா, அதுதான் பத்திரம். ஆனால் ஆயா கேட்ட இன்னொரு கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. “நாம கட்ற வரியும் அவங்க கட்ற வரியும் ஒரே பொட்டிக்குத்தானடா போவுது? அப்புறம் எப்படி அங்க மட்டும் லைட்டு எரியுது?”

சரித்திரப் புத்தகங்கள் ராஜாக்களின் கஜானாவைப் பற்றி எழுதும். ஊர்ப் பொட்டியைப் பற்றி எழுதாது. அந்தப் பொட்டியில் யார் போட்டார்கள், யார் எடுத்தார்கள், யார் கையெழுத்தில் எடுத்தார்கள் என்பதுதான் சேரியின் சரித்திரம்.

*

உள்ளாட்சிக்கென்று தனியாக ஒரு நிதி சென்னை மாகாணத்தில் சட்டப்படி உருவானது 1871ஆம் வருட ஸ்தல நிதிச் சட்டத்தால். ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இவற்றுக்காக நிலவரியோடு சேர்த்து ஒரு செஸ் வசூலித்தார்கள். 1882இல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானம் போட்டார். 1884இல் ஸ்தல போர்டு சட்டம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு போர்டு, தாலுகாவுக்கு ஒரு போர்டு, கீழே யூனியன் பஞ்சாயத்து. யூனியன் பஞ்சாயத்துக்கு வீட்டு வரி போடும் அதிகாரம். நம்ம வீட்டு வாசலுக்கு வரி ரசீது வந்த வழி இதுதான்.

அந்த போர்டுகளில் உட்கார்ந்தது யார்? நிலவரி அதிகமாகக் கட்டுகிற மிராசுதார், ஜமீன்தார், வக்கீல். நிலவரி யார் பெயரில் கட்டப்பட்டதோ அவர்தான் வரி கட்டியவர் என்று கணக்கு. அந்த நிலத்தில் சேற்றை மிதித்து, நாத்து நட்டு, அறுத்துக் கட்டி, களத்தில் அடித்து, வரி கட்டுகிற அளவுக்கு நெல்லைக் குவித்துக் கொடுத்தவர் பெயர் எந்த ரசீதிலும் இல்லை. மண்ணில் நின்றவன் வரி கட்டாதவன் ஆனான். வரப்பில் நின்றவன் வரி கட்டுகிறவன் ஆனான். வரி கட்டாதவனுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவனுக்கு போர்டில் இடம் இல்லை. இதற்குப் பெயர் சுயாட்சி!

தஞ்சாவூர் ஜில்லா போர்டைப் பாருங்கள். நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்று தனியாக ஒரு செஸ் வசூலித்து, சொந்தமாக ஒரு ரயில் பாதையே போட்டது அந்த போர்டு. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் 1894இல் வண்டி ஓடியது. உள்ளாட்சி நிதியின் சாதனை என்று சொல்வார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. நெல்லை ஏற்றிக்கொண்டு போக ரயில் விடும் அளவுக்கு போர்டிடம் பணமும் கெட்டிக்காரத்தனமும் இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதே காலத்தில் சேரிக்கு ஒரு கிணறு வேண்டும் என்று கேட்டால்தான் பொட்டி காலியாகிவிடும்.

அந்த நாட்களில் சேரி எப்படி இருந்தது என்பதற்கு வெள்ளைக்கார அதிகாரியே சாட்சி எழுதியிருக்கிறார். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையில் நிலமும் இல்லாமல், குடியிருக்கும் மனையும் சொந்தமில்லாமல் கிடந்த நம் மக்களின் நிலை இருக்கிறது. 1892இல் நமக்கென்று ஒதுக்கிய நிலம்தான் பஞ்சமி நிலம். அது எங்கே போனது என்பது தனிக் கதை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த நிலம் சர்க்கார் கொடுத்தது. ஊரைக் கையில் வைத்திருந்த போர்டுகளிடமிருந்து வரவில்லை.

*

1920க்கு வருவோம். போர்டுகள் சேரிக்குச் செய்யவில்லை என்பது சர்க்காருக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது. அதனால் ஒரு தனி இலாகா வந்தது. லேபர் கமிஷனர் இலாகா. சேரிக்குக் கிணறு தோண்டுவது, மனை வாங்கிக் கொடுப்பது, பள்ளிக்கூடம் வைப்பது எல்லாம் அந்த இலாகாவின் வேலை. எங்க பக்கத்தில் வயசானவர்கள் ஆதிதிராவிடர் நலப் பள்ளியை ரொம்ப நாளைக்கு ‘லேபர் ஸ்கூல்’ என்றுதான் சொன்னார்கள். என் அப்பா படித்தது லேபர் ஸ்கூல்தான். அந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் அவருக்குக் கையெழுத்து இல்லை, எனக்கு இந்தப் பேனாவும் இல்லை. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்த நல்லதுக்குள்ளேயே ஒரு கெட்டதும் நுழைந்துவிட்டது. சேரிக்குத் தனி இலாகா, தனிக் கிணறு, தனிப் பள்ளிக்கூடம், தனிக் கணக்கு என்று ஆன பிறகு, ஊர்ப் பொட்டியில் நமக்குப் பங்கு இல்லை என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. “உங்களுக்குத்தான் தனியா கவுர்மென்ட்டு குடுக்குதே!” இந்த ஒரு வசனத்தை நூறு வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். லேபர் இலாகா அரிஜன நல இலாகா ஆனது, அப்புறம் ஆதிதிராவிடர் நலத்துறை ஆனது, 1979க்குப் பிறகு சிறப்புக்கூறுத் திட்டம் வந்தது. வசனம் மட்டும் மாறவில்லை. நமக்கென்று வந்த சிறப்பு நிதி, இருப்பதற்கு மேல் கொடுப்பதற்காக வந்தது. இருப்பதைப் பிடுங்கிக்கொள்ள அதையே சாக்காக்கினார்கள்.

பொதுப்பணம் எல்லாருக்கும் பொது என்பதை ஒரு போராட்டமாகவே நடத்திக் காட்டியவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1923இல் பம்பாய் சட்டசபையில் போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது நிதியில் கட்டிய, பொது நிதியில் பராமரிக்கிற குளம், கிணறு, பள்ளி, சத்திரம் எல்லாவற்றையும் தீண்டப்படாதவர்கள் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதை ஏற்று 1924இல் மகத் நகராட்சி தன் பொறுப்பிலிருந்த சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் நோட்டில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. நம் மக்கள் கரையில் இருந்தார்கள். 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். திரும்பிய மக்களை அடித்தார்கள். குளத்தைச் சாணி, கோமியம் கலந்த நீரை ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். அதே வருசம் ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. அது நகராட்சிக் குளம்தான், பொதுச் சொத்துதான் என்ற வாதம் கோர்ட்டில் நின்று ஜெயிக்க 1937 வரை ஆனது. மகத் போராட்டத்தைத் தண்ணீர்ப் போராட்டம் என்கிறோம். நகராட்சிப் பணத்தின் மேல் நமக்கு உரிமை உண்டா என்பதும் அங்கேதான் கேட்கப்பட்டது.

சென்னையிலும் அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றவர்கள் சட்டசபையில் முயன்று, 1924இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் நுழையத் தடையில்லை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். அதை அமல்படுத்த வேண்டியவை உள்ளாட்சி அமைப்புகள். அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று மேலே சொல்லிவிட்டேன். ஆணை சென்னையிலிருந்து புறப்பட்டது. எங்க ஊர்க் கிணத்துமேட்டுக்கு வந்து சேர எத்தனை வருசம் ஆச்சு என்று எங்க ஆயாவைக் கேட்டிருந்தால் சிரித்திருக்கும்.

*

சுதந்திரம் வந்தது. அரசியல் சட்டத்தின் முதல் வரைவில் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமே இல்லை. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் புகழ்கிறவர்களை நேருக்கு நேர் மறுத்தார். இந்தியக் கிராமம் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் நிறைந்த இடம் என்றார். கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். சபையில் பலருக்குக் கோபம். நவம்பர் 22இல் நம்ம தமிழ்நாட்டு கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார், பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் கடமை என்று. அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுதான் 40ஆவது பிரிவு.

அம்பேத்கர் பஞ்சாயத்துக்கு விரோதி என்று பேசுகிறவர்கள் உண்டு. பம்பாய் சட்டசபையில் 1932இல் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அவர் என்ன வாதாடினார் என்று பார்க்க வேண்டும். தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாமல் பஞ்சாயத்துக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே அவர் கேள்வி. யார் கையில் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். எங்க ஆயா கேட்டதும் அதுதான்.

சென்னை மாநிலத்தில் 1950இல் ஒரு பஞ்சாயத்துச் சட்டம், 1958இல் இன்னொன்று. ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. வீட்டு வரி, சந்தை ஏலம், மீன்பாசிக் குத்தகை, புளிய மரக் குத்தகை என்று வரவுகள். ஊர்த்தெருவுக்குக் குழல் விளக்கு வந்த பிறகும் சேரிக்குள் கம்பம் வராத ஊர் எங்க ஊர் மட்டுமல்ல. கம்பம் ஊர்த்தெரு முடிகிற இடத்தில் நிற்கும். அங்கிருந்து சேரிக்கு நடந்து வருகிற இருட்டுக்கும் நாங்கள் வரி கட்டினோம். 1970இல் தேர்தல் நடந்தது. அதற்கப்புறம் 1986இல்தான் அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல். இடையில் பதினாறு வருசம். அந்தத் தேர்தலும் 1991இல் முடிந்து, மறுபடி 1996 வரை எதுவும் இல்லை. தலைவர் நாற்காலி எப்போது இருந்தாலும் அது ஊர்த்தெருவின் திண்ணையில்தான் இருந்தது.

*

73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் அமலுக்கு வந்தது. மக்கள்தொகை விகிதப்படி தலித்துகளுக்கு உறுப்பினர் பதவியில் மட்டும் இல்லாமல் தலைவர் பதவியிலும் இடஒதுக்கீடு. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 1996 அக்டோபரில் தேர்தல். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நூற்றுக்கு எட்டு பங்கு உள்ளாட்சிகளுக்கு என்று மாநில நிதிக்குழு வழியாக 1997-98 முதல் பணம் வர ஆரம்பித்தது. நாற்காலியும் வந்தது, பணமும் வந்தது. அப்போதுதான் வெட்டரிவாளும் வந்தது.

மேலூர் வட்டம் மேலவளவு தனி ஊராட்சி ஆனது. 1996 அக்டோபர்த் தேர்தலுக்கு மனு போட்ட தலித்துகள் மிரட்டப்பட்டு விலகினார்கள். மறுபடி டிசம்பரில் நடந்த வாக்குப்பதிவில் வாக்குப்பெட்டிகளையே தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் ஜெயித்தார். அலுவலகத்துக்குள் போய் உட்காரவே விடவில்லை. 1997 ஜூன் 30, மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவரை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அன்று செத்தது ஆறு பேர். துணைத்தலைவர் மூக்கனும் அதில் ஒருவர்.

துணைத்தலைவர் என்பதைக் கவனியுங்கள். 1994 சட்டத்தின் 188ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தனி ஊராட்சியில் மெஜாரிட்டி உறுப்பினர் யார்? ஊர்த்தெரு. அப்போ இரண்டாவது கையெழுத்து யாருடையது? மேலவளவில் இரண்டு கையெழுத்தும் ஒடுக்கப்பட்டவர் கையில் வந்திருந்தது. ஆறு பேரை வெட்டினார்கள். 2001இல் சேலம் கோர்ட்டில் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை. 2009இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019 நவம்பரில் அவர்களில் பதிமூன்று பேரை முன்கூட்டியே வெளியே விட்டார்கள்.

*

இப்போது எங்க வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1996இல் எங்க ஊராட்சி தாழ்த்தப்பட்ட பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. சேரியில் எல்லாரும் கூடிப் பேசி, என் அண்ணன் பெண்டாட்டியை நிறுத்தினார்கள். அண்ணி அஞ்சாவது வரைக்கும் படித்தவர். சேரி ஓட்டும், ஊர்த்தெருவில் இரண்டு பிரிவு அடித்துக்கொண்டதால் கிடைத்த கொஞ்சம் ஓட்டும் சேர்ந்து ஜெயித்துவிட்டார். துணைத்தலைவர் ஊர்த்தெருக்காரர். எங்க அண்ணன் கூலிக்குப் போன நிலத்துக்குச் சொந்தக்காரர்.

முதல் கூட்டத்தில் அண்ணிக்கு நாற்காலி போட்டார்கள். ஆனால் அவர் வந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். தீர்மான நோட்டு மரத்தடிக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. “பரவால்ல தம்பி, நோட்டு வந்துச்சி இல்ல. நாற்காலிக்காவா நின்னோம்?” என்றார் அண்ணி.

1998 சித்திரை வெயில். காலனியில் இருந்த ஒரே போர் மோட்டார் எரிந்து போனது. காயில் கட்டினால் ஓடும். பெரிய செலவில்லை. ஊராட்சிக் கணக்கில் பணம் இருந்தது. அண்ணி தீர்மானம் வைத்து, காசோலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். துணைத்தலைவர் கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம், வை” என்றார். ஒன்றரை மாசம் பார்த்தார். காலனிப் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் கொல்லை பம்புசெட்டுக்குத்தான் போனார்கள். அங்கே தொட்டியில் கை வைக்கக் கூடாது. யாராவது மொண்டு ஊற்றும் வரைக்கும் காத்திருக்கணும். தலைவரும் அந்த வரிசையில் குடத்தோடு நின்றார். காசோலையில் கையெழுத்துப் போட மறுத்த மனுசன் வீட்டுத் தண்ணிக்கு, காசோலையில் கையெழுத்துப் போட்ட பொம்பளை காத்து நின்றாள். இதைவிடப் பஞ்சாயத்து ராஜ்யத்தை யாரும் விளக்க முடியாது.

யூனியன் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி, “ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்கம்மா, சட்டத்துல நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். துணைத்தலைவர் ஊரில் இல்லாவிட்டால் வேறொரு உறுப்பினருக்கு அதிகாரம் கொடுக்கலாம். ஊரில் இருந்துகொண்டே கையை மடக்கி வைத்திருக்கிறவரை என்ன செய்வது?

இங்கே என் தப்பையும் எழுத வேண்டும். நான் வாத்தியார் வேலை பார்க்கிறவன். சட்டம் தெரிந்தவன் என்று சேரியில் பேர். நான் சொன்ன யோசனை என்ன தெரியுமா? “அண்ணி, அவங்க கேக்கற காண்ட்ராக்ட குடுத்துட்டு கையெழுத்த வாங்கிக்கலாம். விட்டுக் குடுங்க.” அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ படிச்சது அதுக்குத்தானா தம்பி?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இல்லை, இன்றும் இல்லை.

வழியை அவரேதான் கண்டுபிடித்தார். ஊர்த்தெருவில் பிள்ளையார் கோயிலைச் சுற்றிச் சிமென்ட் ரோடு போட்டு முடிந்திருந்தது. வேலை எடுத்தவர் துணைத்தலைவரின் மைத்துனர். பில் வந்தது. அண்ணி அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். “ரெண்டு கையெழுத்து வேணும்னுதான சட்டம்? எனக்கும் ஒரு கை இருக்குது. பாக்கலாம், வை.” பத்தே நாள். ஒரே மேசையில் இரண்டு காசோலையும் வைத்து, மாற்றி மாற்றிக் கையெழுத்தானது. மறுநாள் மோட்டார் ஓடியது.

அதற்கு விலையும் கொடுத்தார். கணக்கில் கையாடல் என்று அவர் மேல் மொட்டைப் பெட்டிசன் போனது. தணிக்கை, விளக்கம், விசாரணை என்று இரண்டு வருசம் யூனியன் ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்தார். கடைசியில் ஒன்றுமில்லை என்று முடிந்தது. 2001 தேர்தலிலும் அதே ஒதுக்கீடு. ஊர்த்தெரு இந்தத் தடவை பிரியவில்லை. தங்கள் நிலத்தில் வேலை செய்கிற ஒரு குடும்பத்துப் பெண்ணை நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். அந்தப் பெண் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாயந்திரம் கூலி வாங்க வேண்டிய கை, காலையில் எப்படி மறுக்கும்? நிலம் இல்லாதவரின் கையெழுத்து, நிலம் உள்ளவரின் பேனாவில்தான் எழுதப்படுகிறது.

*

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் 1996 முதல் பத்து வருசம் யாரையும் தலைவராக இருக்க விடவில்லை. ஜெயித்தவர் அன்றைக்கே ராஜினாமா செய்தார். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். அதற்கு அரசே ‘சமத்துவப் பெருவிழா’ எடுத்தது. சட்டத்தில் இருக்கிற ஒரு தேர்தலை நடத்தியதற்கே விழா எடுக்க வேண்டிய நாடு இது! 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. எங்க அண்ணி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “எனக்காவது நாற்காலி போட்டுட்டு எழுந்து போனானுங்க” என்றார்.

காசோலை போய்க் கணினி வந்தபோதும் இரண்டு பேர் ஒப்புதல் என்ற ஏற்பாடு தொடர்ந்தது. பேனாவின் இடத்தில் சாவி வந்தது, அவ்வளவுதான். 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும், அங்கே மறுபடி தனி அலுவலர்கள் கையில் ஊராட்சிகள் போயின. சேரி தன் கையைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் மேசையே இல்லாமல் போகிறது.

சரி, என்ன செய்வது? தனி ஊராட்சிகளில் இரண்டாவது கையெழுத்தும் ஆதிக்க சாதியிடம் போகாதபடி சட்டம் திருத்தப்பட வேண்டும். காரணம் எழுதிக் கொடுக்காமல் இத்தனை நாளுக்கு மேல் கையெழுத்தை நிறுத்தி வைத்தால் அந்த அதிகாரம் போய்விடும் என்று விதி வேண்டும். இது அரசிடம் கேட்க வேண்டியது. நமக்குள்ளே செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு கிராம சபை நடந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டைச் சேர்த்து ஆறாக்கினார்கள். ஊராட்சியின் வரவு செலவைப் படித்துக் காட்ட வேண்டிய இடம் அதுதான். நம்மில் பலர் அங்கே போய்க் கையெழுத்தோ ரேகையோ வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்வதில்லை. மோட்டார் ரிப்பேருக்கு எத்தனை தடவை பில் போட்டார்கள், தெருவிளக்கு எத்தனை வாங்கினார்கள், அதில் நம் தெருவில் எரிவது எத்தனை, மீன்பாசிக் குத்தகை எவ்வளவுக்குப் போனது என்று கேட்கப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை.

அண்ணிக்கு இப்போது வயசாகிவிட்டது. முழங்கால் வலி. இருந்தாலும் கிராம சபைக்குப் போவதை விடவில்லை. போகும்போது ஆயாவின் பெட்டியிலிருந்து ஒரு வரி ரசீதை எடுத்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்கிறார். கூட்டத்தில் எழுந்து நின்று, “நாங்க கட்டின வரி இது. எங்க தெருவுக்குச் செலவு எவ்ளோன்னு படிங்க” என்று கேட்கிறார். ஒரு தடவை, “உங்களுக்குத்தான் தனியா கவுர்மென்ட்டு குடுக்குதே” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அத நான் அந்த ஆபீசுல கேட்டுக்கறேன். இந்தப் பொட்டிக் கணக்க நீ மொதல்ல படி” என்றார்.

அன்றைக்குப் படித்தார்கள்.